நாலு கோடு

இதைக் கதை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நடந்தது 1983 நவம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. இடம், பென்னலூர்ப் பக்கம் அப்போது இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. யாருக்கு நடந்ததோ அந்தச் சவரியம்மாள் இன்றும் இருக்கிறாள். பொய் சொல்ல வராதவள்; சொன்னாலும் முகமே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆஸ்பத்திரி ரிக்கார்டு அறையில் அவள் கிளார்க். சேர்ந்து மூன்று மாதம். நோயாளியின் கார்டில் டாக்டர் வியாதியை எழுதுவார். சவரியம்மாள் தடிப் புத்தகத்தைப் புரட்டி, அதற்கான நம்பரைத் தேடி, கார்டிலும், நோயாளி கம்பெனியில் காட்டுகிற சீட்டிலும் போடுவாள். மணிக்கட்டில் சின்ன எலும்பு உடைந்திருந்தால் 814. வெறும் சுளுக்கென்றால் 842. பக்கத்துத் தகடு கம்பெனிக்காரர்கள் சீட்டில் அந்த நம்பரை மட்டும்தான் பார்ப்பார்கள். 814 என்றால் ஆறு வாரத்துக்கு பிரஸ் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். 842 என்றால் நாலாம் நாள் மெஷினில் நிற்க வேண்டும்.

தம்பி யேசுராஜும் அந்தக் கம்பெனிதான். திங்கட்கிழமை மணிக்கட்டு வீங்கி வந்தான். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். சீட்டில் 842 போட்டதும் அவளே. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். அன்று மாலை ஏழு மணி ஷிப்ட்டில் அவன் மறுபடி மெஷினுக்குப் போகிறான்.

சாயங்காலம் ஐந்து நாற்பதுக்குக் கரண்ட் போனது. வெளியே அடைமழை. கூட்டம் கலைந்துவிட்டது. சவரியம்மாள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டக்... டக்... டக்...

கவுண்டர் ஜன்னலை யாரோ தட்டினார்கள். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

காக்கிச் சட்டைக்காரர் ஒருவர். வயது முப்பத்தைந்து இருக்கும். இடது கையால் ஒரு சீட்டை நீட்டினார். வலது கை ஜன்னல் கட்டைக்குக் கீழே இருந்தது. கடைசி வரை அது மேலே வரவில்லை.

சீட்டு முழுக்கச் சிவப்பு மண். ஒரு ஓரத்தில் மட்டும் 842 என்று தெரிந்தது. அவள் கையெழுத்து.

"இது சுளுக்கு இல்லம்மா."

"டாக்டர் எழுதுனததான் நான் போடுவேன். நாளைக்கு வாங்க."

"டாக்டர் சரியாத்தான் போட்டாரு. நீங்கதான் பாக்கல."

கவுண்டர் தூசியில் விரலை வைத்தார். குறுக்கே இரண்டு கோடு. நெடுக்கே இரண்டு கோடு.

#

சவரியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. டைப்ரைட்டிங் கிளாஸில் படித்தவளுக்கு இது தெரியாதா... நம்பர் என்பதற்கான குறி. மணிக்கட்டு என்று எழுதிப் பக்கத்தில் இதைப் போட்டுவிட்டு, நம்பரை எழுத டாக்டர் மறந்துவிடுகிறார். அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்து, முறிவு என்று எழுதாததால் சுளுக்குதான் என்று 842 போட்டு வந்தாள்.

"ஏழு மணி ஷிப்ட்டுல ஒருத்தன் நிக்கப் போறான். அவன் கார்டுலயும் நாலு கோடு கீது."

அப்போதுதான் கவனித்தாள். அந்த மழையில் வந்தவரின் சட்டை காய்ந்திருந்தது. ஆனால் மண் வாடை... தோண்டிய மண்ணின் வாடை.

மெழுகுவர்த்தி அணைந்தது. தீக்குச்சி கிழித்தாள்.

ஜன்னலில் யாரும் இல்லை.

வராந்தாவில் ஈரக் கால் தடம்கூட இல்லை.

மணி ஆறு நாலு.

தம்பியின் கார்டை உருவினாள். வலது மணிக்கட்டு. பக்கத்தில்...

நாலு கோடு.

வார்டுக்கு ஓடினாள். நர்ஸ் காந்திமதியின் முகத்துக்கு நேரே கார்டை நீட்டினாள்.

"இந்தக் குறி இன்னா?"

"எலும்பு முறிவு. டாக்டருங்க அப்பிடித்தான் போடுவாங்க. உனக்குத் தெரியாதா, சவரி?"

போன் செத்துக் கிடந்தது.

இரண்டரை மைல். சேற்றில் செருப்பு போனது. விழுந்தாள். எழுந்தாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை இல்லை.

கேட்டில் கடிகாரம். ஏழு தாண்டி மூன்று நிமிஷம்.

வாட்ச்மேன் கத்தினார். அவள் நிற்கவில்லை.

தட்... தட்... தட்...

ஜெனரேட்டரில் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது.

"யேசு..."

அவன் திரும்பினான். கை பின்னால் வந்தது. பிடித்திருந்த தகடு நழுவி உள்ளே போனது.

தட்.

"விரலு புடிக்கவே மாட்டேங்குதுக்கா," என்றான் யேசுராஜ். சவரியம்மாள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பின் விரிசல் தெளிவாகத் தெரிந்தது. சவரியம்மாள் பழைய கார்டுகளைக் கொட்டித் தேடினாள். அவள் தப்பாகப் படித்தவை ஐந்து. நாலு பேரைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். ஐந்தாவது, செப்டம்பர் இரண்டாம் தேதிக் கார்டு. எல்லப்பன், தண்டலம். சுளுக்கு என்று நாலாம் நாள் மெஷினுக்குப் போனவர். பிடி நழுவி, கை உள்ளே போய், மெட்ராஸ் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. யேசுராஜ் அப்போது அங்கே சேர்ந்திருக்கவில்லை; அழைக்கப் போன ஆள் சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கே செய்தி தெரிந்தது.

மேஜை டிராயரில் அந்த மண் சீட்டு இருந்தது. துடைத்துப் பார்த்தாள். எல்லப்பனின் பெயர், அதே தேதி.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தண்டலம் போனாள். எல்லப்பனின் மனைவி கங்கம்மாள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இத நான்தாம்மா அவரு சட்டைப் பையில வச்சி பொதைச்சேன். சுளுக்குன்னு எழுதிக் குடுத்தவங்கள நேர்ல பாத்து கேட்டுட்டு வாய்யான்னு சொல்லித்தான் மண்ணு தள்ளுனேன்."

பிறகு சவரியம்மாளின் விரலில் இருந்த மைக்கறையைப் பார்த்தாள்.

"ஆமா, நீங்க அந்த ஆஸ்பத்திரில இன்னா வேலம்மா பாக்கறீங்க?"