காலியாக விடக்கூடாத கட்டம்

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை, நாடுகளின் பெயரைக்கூட. பெயரைப் போட்டவுடன் படிப்பவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகு நான் சொல்வது யார் காதிலும் ஏறுவதில்லை. ஆகவே இப்படி வைத்துக்கொள்ளலாம்: தூரத்தில் ஒரு போர். ஒரு நாடு குண்டு போடுகிறது. அந்தக் குண்டைச் செய்து கொடுப்பது இன்னொரு நாடு. அந்த இரண்டாவது நாட்டில்தான் எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது.

நான் திருப்பதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வீடு சித்தூரில், போக வர பஸ். மற்றவர்கள் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடித்துப் பதிவு செய்வது என் வேலை. ஒவ்வொரு பிழைக்கும் நான்கு கட்டங்களை நிரப்ப வேண்டும்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, பாதிப்பு எவ்வளவு, யார் பொறுப்பு. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் பதிவு ஏறாது. ‘எல்லோரும்’ என்று போட்டாலும் ஏறாது. சேர்ந்த புதிதில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் காட்டிக்கொடுப்பதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. போகப்போகத்தான் புரிந்தது. அந்தக் கட்டம் தண்டிப்பதற்காக இல்லை. அடுத்த வேலையை யார் செய்ய வேண்டும் என்று சொல்வதற்காக.

எங்கள் கல்லூரி வகுப்புக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். என்னோடு படித்த ஒருவன் அதில் அந்தப் போரைப் பற்றி எழுதினான். சித்தூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவன். இப்போது குண்டு கொடுக்கும் நாட்டில் நல்ல வேலையில் இருக்கிறான். இந்தப் போருக்கு யாரையும் குறை சொல்ல முடியாது, பழைய பகை, சிக்கலான வரலாறு, நாம் பிரார்த்தனை செய்யலாம் என்று எழுதியிருந்தான். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள்.

அதைப் படித்தபோது நான் வந்த பஸ் சந்திரகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவன் எழுதியதில் நான்காவது கட்டம் காலியாக இருந்ததுதான் என் கண்ணில் பட்டது. இறங்குவதற்குள் பதில் எழுதிவிட்டேன்.

1. குண்டு போடச் சொல்லி உத்தரவிட்டவர்கள்.
2. குண்டு கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவர்கள்.
3. அதற்குப் பணம் ஒதுக்கச் சபையில் கை தூக்கியவர்கள்.
4. நிறுத்துங்கள் என்று மற்ற நாடுகள் சொன்னபோது அதைத் தடுத்தவர்கள்.

வரலாறு சிக்கலானதுதான், ஆனால் வரலாறு கையெழுத்துப் போடாது என்று முடித்திருந்தேன்.

அலுவலகத்தில் போய் உட்காருவதற்குள் சண்டை மூண்டுவிட்டது. தமிழில், தெலுங்கில், இரண்டையும் ஆங்கில எழுத்தில் கலந்தடித்து வந்தார்கள். நம் மாவட்டத்தில் விலை இல்லாமல் மாம்பழத்தை ரோட்டில் கொட்டுகிறார்களே, அதற்கு எழுதினாயா என்று ஒருவர். எழுதியிருந்தேன், எடுத்துக் காட்டியதும் ஆளைக் காணோம். இவளுக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணி வையுங்கள் என்றார் இன்னொருவர். எதிர்த்தரப்பு செய்த கொலைகளை ஏன் மறைக்கிறாய் என்ற கேள்வி நியாயமானது. அதற்குத் தனியாக ஒரு பட்டியல் எழுதினேன். ஒரு பிழையைக் காட்டினால் இன்னொரு பிழையைக் காட்டுவது எங்கள் தொழிலில் பதில் ஆகாது. இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்வோம். அதற்குப் பிறகு என்னைத் திட்டுவதில் இரண்டு தரப்பும் ஒற்றுமையாகிவிட்டது.

இதற்கு நடுவில் விசா வேலை ஓடிக்கொண்டிருந்தது. திருப்பதியில் நான் போன ஆலோசனை மையத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். பட்டியல் என்றால் எனக்கு மகிழ்ச்சிதான். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் நின்றேன். இணையக் கணக்குகள் எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும், அதிகாரிகள் படிப்பார்கள். மையத்து ஆலோசகர் என் கணக்கைத் தன் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, “க்ளீன் சேசுகோண்டி மேடம்” என்றார், துடைத்துவிடுங்கள் என்று. அங்கே அது சாதாரணம். நேர்காணலுக்கு முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்து கணக்கைக் கழுவித் துடைக்கிறார்கள். என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், ஹாஸ்டல் சாம்பாரைக் கண்டித்துத் தட்டு ஏந்தி நின்ற படத்தைக்கூட அழித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா அதற்குள் மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து சாமி அலமாரி ஆணியில் மாட்டியிருந்தார். விசா வந்தால் நான் திருமலை அடிவாரத்து அலிபிரியிலிருந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே மலை ஏற வேண்டும். எங்கள் வீட்டில் வேண்டிக்கொள்பவர் ஒருவர், முழங்கால் வலிப்பவர் இன்னொருவர். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியும். முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினார்.

நான் அழிக்கவில்லை. சரியாகாத பிழையின் பதிவை மூடினால் எங்கள் அலுவலகத்தில் வேலை போய்விடும். அந்த ஒழுங்கைச் சம்பளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

என்னை உண்மையில் உட்கார்ந்து யோசிக்க வைத்த பதில் அந்த வகுப்புத் தோழனிடமிருந்தே வந்தது. திட்டாமல் கேட்டிருந்தான். நீ இங்கேதான் வரப்போகிறாய், கட்டணம் கட்டுவாய், வேலை கிடைத்தால் வரி கட்டுவாய். அதிலிருந்துதானே குண்டும் செய்கிறார்கள்? உன் பட்டியலில் உன்னை எங்கே வைப்பாய்?

மதியச் சாப்பாட்டு நேரம். எலுமிச்சை சாதத்தை அப்படியே மூடி வைத்தேன். மடக்கிப் பேச நான்கைந்து வழி தெரியும், எதுவும் சரியில்லை. அவன் கண்டுபிடித்தது உண்மையான பிழை. என் பட்டியலில் ஒரு வரி குறைந்திருந்தது. மாலை பஸ் ஏறுவதற்கு முன் அதைச் சேர்த்தேன்.

5. இவ்வளவும் தெரிந்து அங்கே போக ஆசைப்படுகிறவர்கள். உதாரணம்: நான். செய்ய வேண்டிய வேலை: அங்கே போனாலும் முதல் நான்கு வரிகளைச் சொல்வது.

என்னைத் திட்டியவர்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். போகட்டும். ஆலோசகர் போன் செய்து, அழிக்கச் சொன்னால் ஏன் கூட எழுதுகிறீர்கள் என்று நொந்துகொண்டார்.

நேர்காணல் சென்னையில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். என்ன படிப்பு, செலவு யார், இப்போது என்ன வேலை. சோதனைப் பிரிவு என்றதும், குற்றம் கண்டுபிடிக்கிற வேலையா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போரைப் பற்றியோ பட்டியலைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேல் விசாரணை தேவை என்று ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பினார். அங்கே வகுப்புகள் தொடங்கின. அதற்குப் பிறகுதான் விசா இல்லை என்ற பதில் வந்தது. காரணம் என்று எனக்குப் புரியும்படி எதுவும் அதில் இல்லை. என் பட்டியல்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. பல்கலைக்கழகம் இடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வைத்தது. அழித்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள் என்றார் ஆலோசகர்.

தோழனும் போன் செய்தான். எழுதும்போது இருந்த கம்பீரம் குரலில் இல்லை. “நானும் அப்டிதான் நெனைக்கிறேன், தெரிஞ்சிக்கோ. ஆனா எங்க விசாவும் அவங்க கையிலதான் கீது. கொயந்த வேற கீது. நீ அத்த எடுத்துடு. ஒனக்காவத்தான் சொல்றேன்.”

கோபம் வரவில்லை. பயப்படுகிறவனை எனக்குப் புரியும். “மொதல்ல நீ அந்தக் கைகூப்பற பதிவ எடு,” என்றேன். “யாரையும் குறை சொல்ல முடியாதுன்னு எழுதினியே, அது. அப்புறம் என்னுத பத்திப் பேசலாம்.” சிரித்தான். எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார், ஆறுதல் சொல்ல. என் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் உள்ளே மடிக்கணினியோடு இருந்தேன்; குரல் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“அந்த ஊர வைஞ்சிக்கினு அந்த ஊருக்கே போவணும்னா எப்டிக்கா உடுவாங்க? சோறு போட்ற ஊட்ட யாராவது வைவாங்களா?”

அம்மா ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். இத்தனை நாளில் என் பக்கம் ஒரு வார்த்தை பேசியவரில்லை. கீரைக்காம்பு ஒடியும் சத்தம் நின்றது.

“ஏன், நாம வையறதில்லியா? மலைக்கிப் போய் சாமியையே ‘வட்டிக்காசுலவாடா’ன்னுதான கூப்பிட்றோம். கடங்காரான்னு மூஞ்சிக்கி நேரா சொல்லிட்டு, லட்டு வாங்கியாந்து துன்றோம். அவரு கதவ சாத்திட்டாரா?”

அம்மாவின் பிறந்த ஊர் நாராயணவனத்துக்குப் பக்கம். பெருமாளுக்கு அங்கேதான் கல்யாணம்; அதற்கு வாங்கிய கடனுக்குத்தான் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். வரிசையில் நிற்கிறவர்கள் அதைச் சொல்லித்தான் அவரைக் கூவி அழைக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து நானும் கூவியிருக்கிறேன். அது ஒரு வாதம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

“சாமியும் அவங்களும் ஒண்ணாக்கா?” என்றார் வந்தவர்.

“ஒண்ணில்லதான். சாமிக்கிப் பொறும கீது. இவங்களுக்கு இல்ல. அதுக்கு எம் பொண்ணு இன்னா செய்வா?”

அதற்குப் பிறகு பேச்சு முருங்கைக்கீரைக்குப் போய்விட்டது. அவர் கிளம்பும்போது அம்மா ஒரு பிடி கீரை கொடுத்து அனுப்பினார்.

நான் புதிய விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருந்தேன். இணையக் கணக்குகள் என்ற இடத்தில் பழையபடி அதே கணக்கை எழுதினேன். அம்மா கை கழுவிவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். பட்டியலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஐந்தாவது வரிக்கு வந்தார். இதிலே நீ உன்னையும் சேர்த்திருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்தத் தடவையும் தரமாட்டார்கள் போலிருக்கிறது, அந்த வேண்டுதலை அவிழ்த்துவிடலாமே என்றேன். அம்மா ஆணியில் தொங்கிய மஞ்சள் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ அத்த அழிக்காத. நான் இத்த அவுக்கல.”