வத்தல்மலைக்கு நான் ஓட்டிப்போன கார்

மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலைக்குப் போய்வந்தோம். குளிர்கால விடுமுறைக்குப் பிள்ளைகளோடு எங்கே போகலாம் என்று தருமபுரியில் யாரைக் கேட்டாலும் ஏற்காடு என்பார்கள், இல்லாவிட்டால் ஊட்டி. இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தில் காபியும் மிளகும் விளைகிற ஒரு மலையை வைத்துக்கொண்டு நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம். போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கப்போவதில்லை.

என் கணவருக்கு ஓசூரில் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை காரை எடுத்துக்கொண்டு போனால் வெள்ளிக்கிழமை இரவுதான் திரும்புவார். நாற்பத்து நான்கு வயதில் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், உரிமமும் வாங்கினேன். ஓட்டுவதற்குத்தான் வீட்டில் கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லம்பள்ளிக்கும் கடத்தூருக்கும் ஓட்டிப் பழகினேன். அப்போதும் அவர் கை ஹேண்ட் பிரேக்கின் மேலேயே இருக்கும். மகள் நிலாவைச் சாயங்காலம் இறகுப்பந்துப் பயிற்சிக்குக் கூட்டிப்போக ஆட்டோவுக்குக் காத்து நிற்பதில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. "நீங்க பஸ்ல போங்க, வண்டி இங்கயே இருக்கட்டும்" என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வத்தல்மல ஏறி எறங்கு. நான் வாயே தொறக்க மாட்டேன். அப்புறம் வண்டி உனக்குத்தான்."

பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய அக்காவும் எங்களோடு சேர்ந்துகொண்டார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். "இன்சூரன்ஸ் கட்டிருக்கியாடா?" என்று தம்பியைக் கேட்டுவிட்டுத்தான் அண்ணி காரில் ஏறினார்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நல்ல பனி. ஊரைத் தாண்டியதும் சாலையில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் அறுத்த கொள்ளையும் ராகிக் கதிரையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி ஏறி மணி உதிர்ந்துவிடும். ஒதுங்கிப் போனால் பரப்பியவர்களுக்கு வருத்தம், மேலேயே ஏற்றிப் போவதுதான் மரியாதை. நானும் மரியாதையாக ஏற்றிப் போனேன். ஓரத்தில் நின்றவர் நன்றியாகக் கையைத் தூக்கினார்.

அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கினோம். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். முதல் நான்கைந்து வளைவுகளில் கியர் மாற்றத் தடுமாறினேன். அதற்குப் பிறகு வண்டியின் சத்தத்தை வைத்தே எப்போது கியரைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தது. பாதி மலையில் பனிக்குள் நுழைந்தோம், சாலை இருபதடிக்கு மேல் தெரியவில்லை. கணவர் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. அண்ணிதான் பின்னால் இருந்து ஒவ்வொரு வளைவிலும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எட்டு மணிக்கு மலைமேல் போய்ச் சேர்ந்தபோது பனி விலகி, மஞ்சள் வெயில் அடித்தது. அவ்வளவு பெருமையை நான் எந்தப் பரீட்சையிலும் உணர்ந்ததில்லை.

அந்தப் பெருமையோடுதான் தப்பைச் செய்தேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் சாலையில் பாதி அகலத்துக்கு வைக்கோல் மாதிரித் தாள் பரப்பிக் கிடந்தது. யோசிக்கவேயில்லை. கீழே செய்த அதே மரியாதையை மேலேயும் செய்தேன். அடியில் தார்ப்பாய் சுருண்டு சக்கரத்தோடு வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினால், சாமை மணி சாலையெல்லாம் சிதறிக் கிடக்கிறது. ஏற்கெனவே அடித்துத் தூற்றிய சாமை, வெயிலில் காய்வதற்காகப் போட்டது. வெயில் ஏறும்வரை பனி படாமல் இருக்க மேலே தாளைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

இரண்டு கைகளிலும் கல்லைச் சுமந்துகொண்டு ஒரு பெண் ஓடிவந்தார். என் வயதுதான் இருக்கும். பெயர் மாதம்மா என்று பிறகு தெரிந்தது. வந்த வேகத்தில் என் கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, கண்ணாடி போட்டுமா கண்ணு தெரியல? ஓரத்துல வைக்கக் கல்லு எடுத்தாரப் போனேன், அதுக்குள்ள ஏத்திட்டீங்களே. பொங்கலுக்கு மில்லுல குடுக்க வெச்சிருந்ததுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு "தெரியாம நடந்துபோச்சுங்க" என்றார். என்னைப் பார்த்து, பேசாமல் இரு என்பதுபோல் கண்ணைக் காட்டினார். நல்ல மனசுதான். ஆனால் இந்தத் திட்டை அவரிடம் விட்டுக்கொடுத்தால், ஏறிவந்த வளைவுகளையும் சேர்த்து விட்டுக்கொடுப்பதாகிவிடும் என்று எனக்குப் பட்டது.

"அவரு இல்லீங்க. வண்டி ஓட்டுனது நான்தான்" என்றேன்.

மாதம்மா என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா? கீழ இருந்தே நீங்கதான் ஓட்டியாந்தீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அவரத் திட்டுனது வீணா?"

"இருக்கட்டுங்க, வேற எதுக்காவது ஆவும்" என்றார் அண்ணி. மாதம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டு, "சரி, நின்னா ஆவாது. வூட்ல மொறம் இருக்கு, எடுத்தாரேன். எல்லாரும் குந்துங்க" என்றார்.

அடுத்த இரண்டு மணி நேரம் நாங்கள் நான்கு பேரும் வத்தல்மலைச் சாலையில் உட்கார்ந்து சாமை கூட்டினோம். துடைப்பத்தால் ஒதுக்கி, முறத்தில் அள்ளி, புடைத்து, கல் பொறுக்கினோம். நிலா ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கன்னமெல்லாம் தூசியோடு வேலை செய்தாள். பெங்களூர் அண்ணிக்குப் புடைக்க வரும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. என் முறத்தில் இருந்த சாமை மறுபடியும் சாலைக்கே போனது. "ஸ்டேரிங் மாதிரி புடிக்காதீங்கக்கா, மணிக்கட்ட விடுங்க" என்றார் மாதம்மா. அக்காவாகிவிட்டேன் என்று குறித்துக்கொண்டேன். நல்ல வெயில், குளிர்ந்த காற்று. குடும்பத்தோடு வெளியில் செய்ய இதைவிட நல்ல குளிர்கால வேலை எனக்குத் தெரியவில்லை. கிட்டத்தட்ட எல்லாமே திரும்பக் கிடைத்தது.

வெறும் மன்னிப்போடு கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மாதம்மா ஒரு கணம் யோசித்தார். "மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும். மில்லு அடிவாரத்துக்கு அந்தாண்ட இருக்கு. பஸ்ஸுக்கு நிக்கணும். மூட்டையோட என்னையும் எறக்கி வுட்டுருவீங்களா?"

கணவரின் கை என்னிடமிருந்த கார்ச் சாவியை நோக்கி மெல்ல நீண்டது. மாதம்மா அதைப் பார்த்துவிட்டார். "அக்காதான ஓட்டறாங்க?" என்றார். கை திரும்பிப் போனது.

நண்பகல் வரை காபித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கொண்டுபோயிருந்த புளிச்சோற்றைப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டு மணிக்கு மூட்டை டிக்கியில் ஏறியது. பின்னால் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்று மாதம்மா முன்னால் ஏறிக்கொள்ள, கணவர் பின்னால் போனார். ஹேண்ட் பிரேக் எட்டாத தூரம்.

இறங்கும்போது மேகம் மலையைச் சூழ்ந்துகொண்டது. மூன்றாவது வளைவில் சிமெண்ட் மூட்டை ஏற்றிய மினி லாரி எதிரில் முக்கிக்கொண்டு ஏறியது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். எனக்குப் பின்னால் ஏற்றம், இடது பக்கம் பள்ளம். அண்ணி முருகனைக்கூடக் கூப்பிடவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ரிவர்ஸ் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வண்டி இழுக்கத் தொடங்கியதும் பிரேக்கை விடுவித்தேன். பத்தடி பின்னால் போய் ஒதுங்கி நின்றேன். லாரிக்காரர் கடந்துபோகும்போது ஒரு முறை ஹாரன் அடித்தார். மாதம்மா விட்ட இடத்திலிருந்து தன் மாமியார் கதையைத் தொடர்ந்தார். கதையைப் பாதியில் விட்டுவிடும் அளவுக்கு அவர் பயப்படவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள், பனியையும் பார்க்கலாம், வெயிலும் கிடைக்கும். தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்குக் குல்லாய் அவசியம். ஏறினாலும் இறங்கினாலும் முதல், இரண்டாம் கியர்தான், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடியுங்கள். சாலையில் எது பரப்பியிருந்தாலும் இறங்கி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். கார் இல்லாதவர்கள் பஸ் நேரத்தை முந்தின நாளே விசாரித்து வையுங்கள். ஓட்டக் கற்றுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் துணைக்கு ஆளை வைத்துக்கொண்டாவது ஒரு முறை இந்த மலையில் ஓட்டிப் பாருங்கள். நான் நினைத்திருந்ததைவிட எனக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும் என்று அந்தப் பத்தடியில்தான் கண்டுகொண்டேன்.

திங்கட்கிழமை விடியற்காலை கணவரைத் தருமபுரி பஸ் நிலையத்தில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். பையோடு இறங்கியவர், கதவைச் சாத்தாமல் நின்றார்.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கெழம ஒம்போது மணிக்கு வந்துருவேன். கூட்டிட்டுப் போக வந்துரு."