நானூறு கதவுகளுக்கு எண்

குடியிருப்பில் அவளுக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுபது வாசல் ஏறி இறங்குவாள். வீட்டுக்கு வந்தாலும் உட்கார மாட்டாள். நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். காலில் வெந்நீரையா ஊற்றிக்கொண்டு வந்தாய் என்று அக்கா கேலி செய்வாள்.

ரயில் பணிமனைச் சுவருக்குப் பின்னால் நெருக்கியடித்த நானூறு வீடுகள். அத்தனைக்கும் ஒரே முகவரிதான்: 'பணிமனைப் பின்புறம்'. ஒரு மத்தியானம் அக்காவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது, வீடு தெரியாமல் முக்கால் மணி நேரம் சுவரையே சுற்றியது. அக்கா பிழைத்தாள். கை பிழைக்கவில்லை. ஊரார் வாசலையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிறவளுக்குத் தன் வாசலுக்கு வழி சொல்ல முடியவில்லையே என்பது முள்ளாய்த் தைத்தது.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் காலையிலேயே ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு தன் சந்துக் கதவுகளுக்கு எண் போட்டாள். வேலை முடிந்து வந்து பார்த்தால் பாதி எண்களைக் காணோம். அழித்தவர் எதிர்வீட்டுப் பெயிண்டர், கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். அவரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"முன்னாடி இருந்த இடத்துல எங்க கதவுலயும் நம்பர் போட்டாங்கம்மா," என்றார் அவர். "மூணாவது வாரம் புல்டோசர் வந்துச்சு."

 அதற்கப்புறம் இரண்டு நாள் அவளுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒருவர் பார்சலை இன்னொருவர் வீட்டில் கொடுத்துவிட்டு ஏச்சு வாங்கினாள். மூன்றாம் நாள் அக்காவைக் கைத்தாங்கலாகப் பெயிண்டர் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அக்கா இடது கையால் வலது கையைத் தூக்கி அவர் மேசைமேல் வைத்தாள்.

"இது நம்பர் இல்லாததால வந்ததுண்ணே," என்றாள் குழறிக் குழறி.

அந்த ஞாயிறு குழாயடியில் எல்லோரும் கூடினார்கள். கூச்சலும் குழப்பமுமாய் மூன்று மணி நேரம். கடைசியில் பெயிண்டரே ஒரு நிபந்தனை சொன்னார்: எண்ணை நாமே போடுவோம், வரைபடமும் நம்மிடமே இருக்கட்டும். தையல்காரம்மா துணி வெட்டுவதற்கு வைத்திருந்த பெரிய தாள்களை வரைபடத்துக்குக் கொடுத்தாள். கிளினிக் நர்ஸ் விடுமுறை நாளில் வந்து, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள் என்று குறித்தாள். அக்காவை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் டிரைவரைப் பம்பரம் தேடிப் பிடித்து வந்தாள். எந்தச் சந்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பும் என்று அவர் நடந்து பார்த்துச் சொன்னார். ஏழு ஞாயிறுகளில் ஒவ்வொரு சந்து முனையிலும் நானூறு கதவிலும் பெயிண்ட் காய்ந்தது.

அடுத்த மாதமே கொத்தனாரின் மனைவிக்குப் பிரசவ வலி. போனில் 'ஆறாம் சந்து, பதினேழு' என்றதும் ஒன்பதே நிமிடத்தில் வண்டி வந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நகராட்சி ஆள் ஒருவர் வந்து வரைபடத்துக்கு நகல் கேட்டார். எல்லோரும் பம்பரத்தைப் பார்த்தார்கள்.  வீடுகளை இடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் தருகிறோம் என்று மட்டும் சொன்னாள். அந்தக் கடிதம் இன்றுவரை வரவில்லை. திங்கள்தோறும், இரண்டு பார்சலுக்கு நடுவே, நகராட்சி அலுவலகப் படியேறிக் கேட்டுவிட்டு வருகிறாள்.

இதற்கிடையே பக்கத்துக் கால்வாய்க்கு அக்கரையிலிருந்து சிலர் வந்தார்கள், தங்கள் கதவுகளுக்கும் எண் வேண்டுமென்று. பெயிண்டர் மறுபேச்சில்லாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"பயம் போச்சாண்ணே?" என்று பம்பரம் கேட்டாள்.

"போகல," என்றார். "நீ ஏணியைப் பிடி."