பெஞ்சில் இருந்த மூட்டை

போன வாரம் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. பதினொன்றரை மணி ரயிலுக்கு எட்டரைக்கே தம்பின் ஸ்டேஷனில் இருந்தேன்.

சிரிக்காதீர்கள். மலாக்காக்காரன் வேறென்ன செய்வான்? எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த தண்டவாளத்தை யுத்தத்தில் ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போனான். மெர்டேக்கா என்று சுதந்திரமே வந்துவிட்டது, தண்டவாளம் வரவில்லை. ரயில் பிடிக்க முதலில் பஸ் பிடிக்க வேண்டும். அந்த பஸ்ஸை நம்ப முடியாது. ஆகவே அதற்கு முந்திய பஸ். அதையும் நம்பாதவர்கள் அதற்கும் முந்தியது. என் வீடு இருக்கும் காஜா பெராங்கில் நான் ஏறியது அந்த மூன்றாவது ரகம். அன்றைக்கென்று அது நேரத்துக்கு வந்து தொலைத்தது.

மூன்று மணி நேரம்! என்ன செய்வது?

எதிர்க்கடையில் காப்பி குடித்தேன். கொட்டையோடு வறுத்த சோளமும் சேர்ந்திருப்பதாகச் சந்தேகம். ஊர்ஜிதம் செய்ய இன்னொன்று குடித்தேன். சந்தேகம் தீரவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினேன். அது சொன்ன எடையை நம்பாமல் இறங்கி மறுபடி ஏறினேன். ஒரு பவுண்டு கூடியிருந்தது — காப்பியோ என்னவோ. ஸ்டேஷன் கடிகாரத்துக்கும் என் கைக்கடிகாரத்துக்கும் நாலு நிமிஷம் வித்தியாசம். இரண்டையும் சந்தேகித்தேன். கடைசியில், சந்தேகப்படும்படியான ஆட்களைக் கண்டால் போலீசுக்குத் தெரிவிக்கச் சொல்லும் சுவரொட்டியை மூன்று மொழியிலும் படித்து முடித்தேன்.

அப்போதுதான் ஒருவர் வந்து நான் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். மூன்று நாள் தாடி. மடியில் ஒரு துணி மூட்டை.

"கிராணி ஐயா, கோலாலம்பூருங்களா?"

நான் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி அல்ல. ஆனால் நீளக் கால்சட்டை போட்டவரெல்லாம் தோட்டத்தாருக்குக் கிராணிதான்.

"ம்."

"நான் சிரம்பான் வரைக்குங்க. பேரு மாணிக்கம். புக்கிட் ரம்பாய் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு. பொண்ணு பாக்கப் போறேன்."

"ம்."

"போன தடவ பஸ்ஸு வழியில படுத்துக்கிச்சு, போவ முடியல. இன்னிக்கும் வரலன்னா வேற எடத்துல பேசி முடிச்சிருவேன்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாரு. அக்கா சிரம்பான் ஸ்டேசன்லயே வந்து நிக்கிது."

நான் எதையுமே கேட்கவில்லை. கேட்காமலே இவ்வளவு சொல்லும் ஆளை நீங்கள் நம்புவீர்களா?

"இந்த மூட்டைய கொஞ்சம் பாத்துக்குங்கய்யா. எதுத்தாப்ல மொகத்த வழிச்சிக்கிட்டு ஓடியாந்துடறேன்."

போய்விட்டார். மூட்டை மட்டும் என் பக்கத்தில்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடும் அவசரகாலம் இன்னும் முடிந்தபாடில்லை. பத்து வருஷமாகப் பத்திரிகை படிக்கிறவனுக்குக் கற்பனை தனியாக வேண்டுமா? ஒரு விரலால் மூட்டையை மெல்ல அழுத்தினேன். கல் மாதிரி இருந்தது. உருண்டையாக... வரிசையாக... ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தேன். பிறகு இன்னொரு சாண். அதன் பிறகு பெஞ்சு இல்லை. எழுந்து போய், பிளாட்பாரக் கோடியில் நின்ற மலாய்க் கான்ஸ்டபிளின் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் வந்தார். மூட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யார் மூட்டை?" என்று மலாயில் கேட்டார்.

"எனக்குத் தெரியாது."

"தெரியாத மூட்டையோடு இவ்வளவு நேரம் ஏன் உட்கார்ந்திருந்தீர்?"

நல்ல கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"அடையாளக் கார்டு?"

சட்டைப்பையில் கை விட்டேன். கால்சட்டைப்பையில் விட்டேன். அவர்கள் தொல்லை ஒழிந்து மலாக்கா 'வெள்ளைப் பகுதி' ஆனபிறகு ஊரடங்கு இல்லை, சோதனை இல்லை. எங்களுக்குக் குளிர்விட்டுப் போயிற்று. என் கார்டு காஜா பெராங்கில் அலமாரிக்குள் சுகமாகப் படுத்திருந்தது.

"என்ன வேலை?"

"எழுதுகிறேன்."

"என்ன எழுதுவீர்?"

"சிரிப்பாக ஏதாவது..."

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தார். கைகாட்டி இறங்கியது. ரயில் வரப்போகிறது, நான் எங்கே போகப்போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

"துவான்! துவான்!"

கழுத்தில் நாவிதர் கட்டிய துண்டோடு மாணிக்கம் ஓடி வந்தார். ஒரு கன்னம் வழவழ. மறு கன்னத்தில் சோப்பு நுரை.

"துவான், இவரு நம்ம காவான்! ரொம்ப நாள் கூட்டாளி! இவரப் போயி புடிக்கிறியே... நல்ல மனுசன், நம்ம மூட்டைக்குக் காவல் இருந்தாரு!"

அரைமணி நேரப் பழக்கம் 'ரொம்ப நாள்' ஆகிவிட்டது! தம் கார்டை எடுத்துக் காட்டினார். கேட்காமலே மூட்டையையும் அவிழ்த்தார். ஒரு புதுச் சட்டை. அதனடியில், பெண் வீட்டுக்கு என்று ஓலையில் சுற்றி அடுக்கிய குலா மலாக்கா. பிறந்த நாள் முதல் தின்று வளர்ந்த வெல்லக்கட்டி, என் விரலுக்கு வெடிகுண்டாகத் தெரிந்திருக்கிறது.

கான்ஸ்டபிள் திட்டிவிட்டுப் போனார். ரயில் வந்தது. பின்னாலேயே துரத்தி வந்த நாவிதரிடம் துண்டை வீசிவிட்டு இருவரும் தொற்றி ஏறினோம்.

வண்டி நகர்ந்த பிறகுதான் மாணிக்கம் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"போச்சுய்யா. பாதி மொகத்தோட எப்படிப் போயி சபையில உக்கார்றது? பைத்தியம்னு நெனச்சிருவாங்க."

என் பையில் சவரக்கத்தி இருந்தது. "இப்படித் திரும்பி உட்காரும்" என்றேன்.

அவர் கண்ணை மூடி, கழுத்தை நிமிர்த்திக் காட்டினார். ஒரு வெல்லக்கட்டியைத் தொட்டுவிட்டுப் போலீசுக்கு ஓடிய என்னிடம்!

"ஏங்கய்யா, அந்த மத்தா போலீசுகிட்ட எவன் போயி சொல்லியிருப்பான்? பெஞ்சுல மூட்டை இருக்கறது அவருக்கு எப்படித் தெரியும்?"

"பேசாதீர். கத்தி பட்டுவிடும்" என்றேன். பட்டுவிட்டது.

சிரம்பானில் நேரத்தோடும் முழு முகத்தோடும் இறங்கினார். அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தாடையிலிருந்த அந்தச் சின்ன வெட்டைத்தான் முதலில் விசாரித்தார்.

"அது ஒண்ணுமில்லக்கா... ரயிலு ஆடுச்சு" என்றார் மாணிக்கம், ஜன்னலில் இருந்த என்னைப் பார்த்தபடி.

வெட்டு விழுந்தபோது ரயில் ரெம்பாவ் ஸ்டேஷனில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.