கதவின் மேல் வைக்காத கால்

2006 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு சோஹாரில் எங்கள் கேம்ப் கேட்டைத் தாண்டினேன். தாண்டும் முன் பத்தாக்கா (அடையாள அட்டையை ஓமானில் அப்படித்தான் சொல்வோம்) சட்டைப்பையில் இருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு ஜோடி பழைய தோல் ஷூ, குதிகாலில் மும்மூன்று ஆணி அடித்தது. மஸ்கட் போய் ஆடப்போகிறேன், அதுவும் அயர்லாந்து நாட்டு ஆட்டம் என்று சொன்னால் என் வீட்டிலேயே நம்பமாட்டார்கள். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

ஷூவோடு ஒரு பலகையும் வந்திருக்க வேண்டும். மூன்றடிக்கு நாலடி, பதினெட்டு மில்லி பிளைவுட். தூக்கிப்போட்ட துண்டை அறுத்து, விளிம்பு இழைத்து, நான் ஆடிப் பழகுவதற்கென்றே செய்தது. அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுப்பதும் மறுபடி உள்ளே தள்ளுவதுமாக இருந்தேன். ரூம்மேட் பாண்டியன், மன்னார்குடிக்காரன், போர்வைக்குள்ளிருந்தே சத்தம் போட்டான்.

"அண்ணே, எடுத்துட்டுப் போறதுன்னா போங்க, இல்லன்னா தூங்க விடுங்க."

"கேட்ல கேட்டா என்னடா சொல்றது? கம்பெனிப் பலகைன்னு புடிச்சிட்டான்னா?"

"குப்பையில கெடந்த பலகண்ணே அது! அதுக்குப் போயி யாரு உங்கள உள்ள தள்ளப் போறா?"

"பாஸ் எழுதி வாங்கியிருக்கணும்."

"அப்ப வாங்கியிருக்க வேண்டியதுதான? நாலு நாளா என்ன பண்ணீங்க?"

நாலு நாளும் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பலகையை விட்டுவிட்டுக் கிளம்பினேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டி என் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆறேகால் மணிக்கு மஸ்கட்டின் ரூவிக்குப் போகும் பஸ் வந்தது. டிக்கெட் இரண்டு ரியால் இருநூறு பைசா. சோஹாரிலிருந்து ரூவி ஏறத்தாழ இருநூற்று முப்பது கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். பக்கத்து சீட்டில் ஜமால் பாய் என்று ஒருவர். அதிராம்பட்டினம் பக்கம். சோஹாரில் துணிக்கடை, சரக்கு எடுக்க ரூவி போகிறார். இடப்பக்கம் பேரீச்சந்தோப்பு, அதற்குப் பின்னால் கடல் இருப்பது வாசனையில் மட்டும் தெரியும். வலப்பக்கம் தூரத்தில் மொட்டை மலை. ஊருக்கு ஊர் ஒரு ரவுண்டபவுட், ஒவ்வொன்றின் நடுவிலும் கூஜா, படகு என்று சிமெண்டில் ஏதாவது ஒன்று. சஹம் தாண்டியதும் ஜமால் பாய் பையைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க போறிய? விருந்தா?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெள்ளக்காரவொ ஆட்டத்த நீங்க எங்க புடிச்சிய?" என்றார். பஸ் கபூரா சேரும் வரை அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் நான் நிலையும் கதவும் செய்யும் ஆசாரி. ஜெயங்கொண்டம் பக்கம். அங்கே விசாவில் ஷட்டரிங் கார்பென்டர். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை விரித்து முட்டுக் கொடுக்கும் வேலை. அடியில் முட்டு சரியாக நிற்கிறதா என்று பார்க்க, மேலே நடந்து குதிகாலால் தட்டிப் பார்ப்பேன். இறுக்கமாக இருந்தால் 'டக்' என்று உடனே கேட்கும். முட்டு தளர்ந்திருந்தால் பலகை ஒரு நொடி தாமதித்து 'டொக்' என்னும். சைட்டில் சர்வே எஞ்சினியராக நோரா வந்தாள். அயர்லாந்தின் மேற்குக் கடற்கரைக்காரி, இருபத்தாறு வயது. ஒரு மதியம் யாரும் இல்லையென்று நினைத்து பலகை மேல் தட்டிக்கொண்டிருந்தாள். கைகள் சும்மா தொங்குகின்றன, உடம்பு ஆடவில்லை, முழங்காலுக்குக் கீழேதான் எல்லாமே. குதியும் நுனிக்காலும் தரையை விட்டு அரை அங்குலம்கூட எழும்பாமல் மழை மாதிரிச் சத்தம். நான் போய் என்ன சொன்னேன் தெரியுமா? "மேடம், திஸ் சைடு முட்டு லூஸ்." அவள் சிரித்துவிட்டு, "எப்படித் தெரியும்?" என்றாள். குதிகாலால் தட்டிக் காட்டினேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

நாலு மாதம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து பத்து நிமிடம். அவள் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியும். புரிந்ததைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அந்த ஆட்டத்துக்கு எழுதி வைத்த வரிசை கிடையாதாம். பாட்டைக் கேட்டு அந்த நேரத்தில் கால் சொல்வதுதான் அடி. ஒருவருடைய அடியை இன்னொருவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஆடும்போது இது இன்னாருடைய அடி என்று பெயர் சொல்ல வேண்டும். எனக்கும் ஓர் அடி வந்தது. முட்டுத் தட்டிப் பார்க்கும் பழக்கத்திலிருந்து வந்ததுதான். இடது குதி இரண்டு, வலது நுனி ஒன்று, அப்புறம் ஒரு இடம் காலி, கடைசியில் வலது குதி. டக் டக், தக், ... டொக். அந்தக் காலி இடத்தில்தான் அடியின் உயிரே இருக்கிறது. நோராவுக்கு அது மட்டும் பிடிபடவே இல்லை. எத்தனை தடவை காட்டினாலும் காலியை நிரப்பிவிடுவாள். "லிங்கம், உன்னால் எப்படிக் காத்திருக்க முடிகிறது?" என்பாள்.

வேலை முடிந்து மஸ்கட் ஆபீசுக்குப் போனவள், ஊருக்கே திரும்பப் போவதாக போன் செய்தாள். சனிக்கிழமை விமானம். வெள்ளிக்கிழமை ஒரு டாக்டர் வீட்டில் அவர்கள் நாட்டுக்காரர்கள் கூடுகிறார்கள். "நீ வந்து உன் அடியை எல்லோருக்கும் காட்ட வேண்டும். நான் சரியாக வாங்கிக்கொண்டு போக வேண்டும். வருவாயா?" வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ஜமால் பாய் முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல விசயந்தானே, பயப்படாம ஆடிட்டு வாங்க. நானும் நாலு மணி பஸ்ஸுலதான் திரும்புவேன். என்னாச்சுன்னு சொல்லணும் நீங்க" என்றார்.

ஒன்பது ஐம்பதுக்கு ரூவி. ஒரு தமிழ் ஓட்டலில் இட்லியும் டீயும் நானூறு பைசா. இட்லி இறங்கவில்லை. அங்கிருந்து டாக்டர் வீடு இருக்கும் குரும் பத்து கிலோமீட்டர். மற்றவர்களோடு சேர்ந்து போகும் டாக்ஸியில் முந்நூறு பைசா. ஓட்டிய ஓமானி பெரியவருக்கு நல்ல ஹிந்தி. வீட்டு விலாசச் சீட்டை நான் மூன்றாவது முறை நீட்டியதும் சொன்னார்: "பாய், சீட்டைப் பையில் வை. மஸ்கட்டில் எந்த வீடும் எழுந்து ஓடிப்போவதில்லை." பின் சீட்டில் இருந்த இருவரும் சிரித்தார்கள்.

பதினோரு மணி. வெள்ளை வீடு, சுவர் ஓரம் காகிதப்பூ. நோரா ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பதினைந்து பேர் இருக்கும். ஒருவர் மடியில் துருத்திப் பெட்டி, ஆர்மோனியத்தைத் தூக்கி மடியில் வைத்ததுபோல. கைகுலுக்கல் எல்லாம் முடிந்து எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றேன். அப்போது வீட்டுக்கார டாக்டர், ஆறடிக்கும் மேலே, சிவந்த முகம், ஓர் அறைக் கதவின் கீலோடு ஸ்க்ரூ டிரைவர் வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் வந்தது. கதவு பிடிக்கிறது போலிருக்கிறது, இழைக்கக் கழற்றுகிறார் என்று நினைத்தேன். இது எனக்குத் தெரிந்த வேலை. "சார், கிவ் மீ" என்று வாங்கி, அடிக்கீலில் ஆரம்பித்து, ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டேன். நல்ல கனமான தேக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். கதவு கழற்றியதற்கு இத்தனை கைதட்டலா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு பேர் கதவைத் தூக்கிக் கூடத்தின் நடுவில் கிடத்தினார்கள். துருத்திப் பெட்டி ஆரம்பித்தது. நோரா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"எங்கள் ஊரில் ஆடுகிறவருக்காகக் கதவைக் கழற்றிப் போடுவோம். உனக்காக, லிங்கம்."

அப்போதுதான் விளங்கியது. ஷூவைப் போட்டுக்கொண்டு விளிம்பு வரை போனேன். கால் எழவில்லை.

எங்கள் வேலையில் நிலை வைப்பது என்றால் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, கற்பூரம் காட்டிய பிறகுதான். செய்துகொண்டிருக்கும் கதவைத் தரையில் கிடத்தினால்கூடத் தாண்டமாட்டோம், சுற்றித்தான் போவோம். தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பலகை வேறு, கதவு வேறு. பலகை மேல் நாள் முழுக்க நடப்பேன். கதவின் மேல், அதுவும் ஆணி அடித்த செருப்போடு, எப்படி? என் பலகை கட்டிலுக்கு அடியில் இருந்தது.

இதைச் சொல்லியிருக்கலாம். பாதி ஆங்கிலம், பாதி ஹிந்தி, கையைக் காலை ஆட்டியாவது புரியவைத்திருக்கலாம். ஆனால் எனக்காகக் கழற்றிப் போட்ட கதவை, நானே கழற்றிக் கொடுத்த கதவை, வேண்டாம் என்றால் இவர்களை அவமதித்ததாகாதா, ஆடுவது பாவம் என்று சொல்வதாக நினைப்பார்களோ என்று ஓடியது மனசு. வாயில் வந்தது வேறு.

"சாரி. லெக் பெயின். நேற்று சைட்டில் விழுந்துட்டேன்."

பாட்டு நின்றது. நோராவின் முகம் மாறியது. டாக்டர் உடனே என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். வலது ஷூவையும் காலுறையையும் அவரே கழற்றினார். அவ்வளவு பெரிய மனிதர் என் காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். கணுக்காலை அழுத்தி, "இங்கேயா?" என்றார். ஆமாம் என்றேன். "இங்கே?" அங்கேயும்தான் என்றேன். வீக்கமும் இல்லை, சிராய்ப்பும் இல்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். கட்டுத்துணி எடுத்துவந்து, உண்மையான காயத்துக்குக் கட்டுவதைவிடப் பக்குவமாகக் கட்டிவிட்டார்.

அப்புறம் அவர்கள் ஆடினார்கள். ஒவ்வொருவராகக் கதவின் மேல் ஏறி ஆடி இறங்கினார்கள். தேக்குக் கதவின் சத்தம் பிளைவுட்டில் வராது. அடிவயிற்றில் கேட்டது. நோரா ஆடும்போது நடுவில் என் அடி வந்தது. "லிங்கத்தின் அடி!" என்று கூவிச் சொல்லிவிட்டு ஆடினாள். காலி இடம் நிரம்பியிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கும் கறியும் போட்டார்கள். ருசி நினைவில்லை.

மூன்று மணிக்கு விடைபெற்றேன். டாக்டர் வண்டியில் ரூவியில் விடச் சொல்லியிருந்தார். நோரா கேட் வரை கூட வந்தாள். நொண்டிக்கொண்டே நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது, நொண்டுவது இடது கால். கட்டு வலது காலில். அவள் கால்களைப் பார்த்தே பழகியவள்.

கேட்டுக்கு முன்னால் ஒரு கல் படி. நோரா அதன் மேல் ஏறி நின்றாள். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஆடினாள். டக் டக், தக், டொக். நின்றாள். மறுபடியும் டக் டக், தக், டொக், காலி இல்லாமலே. நான் தலையை ஆட்டி, "குட், வெரி குட்" என்றேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, "உடம்பைப் பார்த்துக்கொள், லிங்கம்" என்று சொல்லி உள்ளே போனாள்.

நாலு மணி பஸ். ஜமால் பாய் மூட்டைகளோடு ஏறினார். காலைப் பார்த்ததும், "அடடா, அடிபட்டுப் போச்சா?" என்றார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு மூட்டையைக் காலுக்கடியில் தள்ளினார்.

"தொழுவுற பாய்ல செருப்போட ஏறச் சொன்னா நானுந்தான் ஏறமாட்டேன். ஆனா ஏன்னு சொல்லிடுவேன். அத்தோட முடிஞ்சுபோச்சு. நல்ல மனுசங்களாத்தான தெரியிறாவொ."

"பயந்துட்டேன் பாய்."

"யாருக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பர்கா தாண்டியிருக்கும். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். ஜமால் பாய் என் கையைப் பிடித்தார். "என்னங்க, அவரு முதுகுல தாளம் போட்டுக்கிட்டு வாறிய?"

அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். முன் சீட்டின் முதுகில் அது தட்டிக்கொண்டிருந்தது. டக் டக், தக், ... டொக். காலி இடம் சரியாக விட்டு. கை போதும். அந்தக் கேட்டிலேயே விரல் முட்டியால் தட்டிக் காட்டியிருந்தால் முடிந்தது. மரத்தைத் தட்டிப் பார்த்தே பிழைக்கிற ஆசாரிக்கு அது தோன்றவில்லை. அங்கேயே இறங்கித் திரும்பிப் போகலாமா என்று நினைத்தேன். ராத்திரி வெளியே தங்க பாஸ் இல்லை, பணம் போதாது, காலையில் டூட்டி. இப்படி ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்பதற்குள் முசன்னா வந்துவிட்டது.

ஏழே முக்காலுக்கு கேம்ப். கட்டைப் பார்த்ததும் பாண்டியன் குதித்தான். "ஆடி ஆடியே கால ஒடச்சுக்கிட்டு வந்துட்டாருடா எங்கண்ணன்!" பக்கத்து ரூம்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாள் நொண்டினேன். இந்தத் தடவை சரியான காலில்.

நோராவின் ஊர் விலாசமோ அங்குள்ள நம்பரோ என்னிடம் இல்லை. கேட்டு வாங்கத் தயங்கினேன். இப்போது ஊரில் மறுபடி நிலையும் கதவும்தான். நோராவின் ஊரில் ஆடுகிறவனுக்காகக் கதவைக் கீழே இறக்குகிறார்கள். இங்கே மஞ்சள் பூசி மேலே ஏற்றுகிறோம். இரண்டும் மரியாதைதான் என்று இன்றைக்கு என்னால் எழுத முடிகிறது. அன்றைக்கு வாயில் வரவில்லை. புதுக் கதவைச் செங்கல் மேல் கிடத்தி ஓட்டை உடைசல் தட்டிப் பார்க்கும்போது விரல் தானாக அந்த அடியைத் தட்டும். நோரா யாருக்காவது அதைக் கற்றுக்கொடுத்திருப்பாள். அவர்கள் வழக்கப்படி பெயர் சொல்லித்தான் கொடுத்திருப்பாள். எங்கோ ஒரு கதவின் மேல் யாரோ லிங்கத்தின் அடி என்று சொல்லி, காத்திருக்காமல் ஆடிக்கொண்டிருப்பார்கள்.