ஹாஜியார்மாரின் ஃபோல்டர்கள்

உக்குவளையில், ஊர் முஸ்லிம்களின் அடக்கத்தைக் கவனிக்கும் ஒரு ஜனாஸா சங்கம். அதில் முஸம்மிலுக்குப் பதவி கிடையாது, வேலை மட்டும் உண்டு. போன் திருத்தும் கடை வைத்திருந்த பாவத்துக்குச் சங்கத்துக் கணினியை அவன் தலையில் கட்டிவிட்டார்கள். யாராவது மௌத்தானால், கறுப்புத் திரையில் கட்டளை எழுதி ஒரு புரோகிராமை ஓட்டுவான். பலாபத்வல, ரத்தோட்டை வரை சிதறிக் கிடக்கும் சொந்தங்களின் போன்களுக்கு அடக்கம் எப்போது என்ற செய்தி போய்விடும்.

முதல் தலைவர் பதுர்தீன் ஹாஜியார் அந்தப் புரோகிராமைத் தன் பெயரில் ஒரு ஃபோல்டருக்குள் வைத்தார். அடுத்த தலைவர் தன் பெயரில் ஒன்று செய்து, அதற்குள் இதைத் தூக்கிப் போட்டார். அவருக்கு அடுத்தவர் மட்டும் இளைத்தவரா? இப்போதைய தலைவர் ஜிப்ரி ஹாஜியார் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறார். முஸம்மில் ஒவ்வொரு ஹாஜியாராகத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். ஒரு பெயர் பிசகினாலும் கணினி வழிவிடாது. ஆனால் அவனுக்கு முழு வழியும் மனப்பாடம்.

பதுர்தீன் அவனுடைய தாய்மாமன். வாப்பா இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். நோயில் படுத்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மகன், என்ட ஜனாஸாவுக்குத் தொழ ஆள் நெறைய வரணும். மெசேஜ் ஒங்கட பொறுப்பு."

ஒரு காலையில் மாமா மௌத்தானார். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று முடிவானதும் முஸம்மில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சங்கத்துக்கு ஓடினான். வழியை எழுதினான். அப்படியோர் இடமே இல்லை என்றது கணினி. அழுத கண், எழுத்துப் பிசகியிருக்கும் என்று திரும்பத் திரும்ப எழுதினான். இல்லை, இல்லை என்றே வந்தது. ஜிப்ரி ஹாஜியாருக்கு அடித்தால் போனை எடுக்கவில்லை. அவர் மாமாவின் மையித்து வீட்டில் நாற்காலி போடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் லுஹருக்குப் பாங்கு சொல்லி, தொழுகையும் தொடங்கிவிட்டது. முஸம்மில் மனப்பாடத்தை விட்டுவிட்டு, மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துப் பார்த்துப் போனான். அடியில் கிடந்தது: 'மர்ஹூம் அல்ஹாஜ் பதுர்தீன்'. இறந்தவர் பெயருக்கு முன்னால் போடவேண்டிய மர்ஹூமை, மௌத் செய்தி கேட்ட கையோடு யாரோ வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

செய்தி ஒவ்வொரு போனாக மெல்லப் போகத் தொடங்கியதும் மையவாடிக்கு ஓடினான். தொழுகை முடிந்து, குழியும் மூடியாகிவிட்டது. இரண்டு வரிசைக்குக்கூட ஆள் இல்லை. அப்போதுதான் நின்றவர்களின் பைகளில் போன்கள் ஒவ்வொன்றாகக் கத்தின. லுஹருக்குப் பின் ஜனாஸா தொழுகை, அனைவரும் வருக.

ஜிப்ரி ஹாஜியார் தன் போனைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"மெசேஜ் வந்துட்டு. மாமாட பேருக்கு நானே போய் மர்ஹூம் போட்டன், பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன் ஹாஜியார்" என்றான் முஸம்மில். "மாமாட மொகத்தத்தான் பாக்கல்ல."