பழைய சரக்குக்குப் புது வரி

அக்காவுக்குப் பேச்சு குறைவு, கோபம் அதிகம். கோபம் வந்தால் கத்த மாட்டாள், சிரிப்பாள். அவள் சிரிக்கிற நாளில் கடையில் நான் வாயே திறக்க மாட்டேன்.

கப்பலில் வரும் உறைந்த இறைச்சியை வெட்டி விற்கிற சின்னக் கடை எங்களுடையது. அவள் வெட்டுவாள், நான் நிறுத்துக் கொடுப்பேன். உள்ளூர் ஆட்டுக்கறி விலைக்குக் கட்டுப்படி ஆகாதவர்கள்தான் எங்கள் வாடிக்கை. மார்க்கெட் முழுக்கச் சரக்கு போடுகிற இறக்குமதிக்காரருக்கு ஃப்ரீசர் என்று பட்டம். குளிர்கிடங்கு வைத்திருப்பதால் வந்த பட்டம் குணத்துக்கும் பொருந்திவிட்டது.

இறைச்சிக்கு இறக்குமதி வரியை ஏற்றினார்கள். அன்று மாலையே ஃப்ரீசரும் விலையை ஏற்றினார். கிடங்கில் கிடந்ததெல்லாம் பழைய வரி கட்டி வந்த சரக்கு. தினமும் தேதி பார்த்துப் பெட்டி பிரிக்கிறவளுக்கு அது தெரியாதா? பழையது தீரும்வரை பழைய விலைக்கே கொடுங்கள் என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் கடையைச் சாத்து என்றார்.

ஏற்றியது அவர், திட்டு வாங்கியது நாங்கள். வருஷக்கணக்காக வந்தவர்கள் விலையைக் கேட்டுவிட்டு, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, முட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளுக்குக் கறி போட முடியாத ஆத்திரம் அவர்களுக்கு. ஒரு நாளும் எடையில் கை வைக்காத அக்காவுக்குத் தெருவில் கொள்ளைக்காரி என்ற பெயர் விழுந்தது. அந்த ஆள் நாசமாய்ப் போக வேண்டும் என்று நான் வாய்விட்டே சபித்தேன். அக்கா சிரித்தாள்.

மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடையில் எவ்வளவு போகும் என்று அக்காதான் விசாரித்துச் சொல்வாள், அதை வைத்துத்தான் ஃப்ரீசர் அடுத்த கப்பலுக்கு ஆர்டர் போடுவார். எல்லாம் வாய்வார்த்தை. அவள் கணக்கு தப்பியதே இல்லை. இந்த முறை அவர் கேட்டபோது, ஜனங்கள் விலைக்குப் பழகிவிட்டார்கள், இரண்டு மடங்கு வரவழையுங்கள் என்றாள். அவர் கேட்க ஆசைப்பட்டதும் அதுதான். உன் வாய்க்குச் சர்க்கரை போடணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரக்கு வந்து இறங்கியது. கடைக்காரர்கள் கால்வாசிகூட எடுக்கவில்லை. கிடங்கு கூரைவரை நிரம்பி, கரண்ட் பில் எகிறியது. அந்த நேரம் பார்த்து வரியையும் குறைத்துவிட்டார்கள். அது நாங்கள் கேட்காமலே கிடைத்த இனாம். அடுத்த கப்பலில் வேறு ஆட்கள் மலிவாகக் கொண்டுவரப் போகிறார்கள் என்று ஊரே பேசியது.

ஃப்ரீசர் எங்கள் கடை வாசலில் வந்து நின்றார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

"பழி வாங்கிட்டியேம்மா" என்றார்.

"ஆமாண்ணே. வாங்கிட்டேன்."

அவர் சரக்கை அடுத்த கப்பல் வருவதற்குள் விற்றுத் தருகிறேன் என்றாள் அக்கா. ஆனால் அவர் வாங்கின விலைக்கும் கீழேதான் விற்பாள். அவரே எங்கள் கடையில் நின்று எடை போட வேண்டும். முன்னால் விலை ஏன் ஏறியது என்று ஜனங்களிடம் அவரே சொல்லவும் வேண்டும். அவருக்கு வேறு வழி இல்லை. என் ஏப்ரனை அவிழ்த்து அவரிடம் கொடுத்தேன். வயிற்றைச் சுற்றி முடிச்சு எட்டவில்லை.

விலையைக் கேள்விப்பட்டு வரிசை தெருமுனைவரை நீண்டது. முதலில் நின்ற அம்மாளிடம் பையை நீட்டியபடி, பழைய சரக்கைத்தான் கூடுதல் விலைக்கு விற்றேன் என்று அவர் தரையைப் பார்த்து முனகினார்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"சத்தமா சொல்லுங்கண்ணே. கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."